வெங்கிடாசலம் முதலாளியின் நான்கு கிலோ

பஜார் ரோடு, மட்டாஞ்சேரி
11-10-1983

தென்கரை ஏர் சர்வீஸ் மேனேஜர் அவர்களுக்கு, இதே ஊரில் முப்பது வருஷமாக மிளகும் சுக்கும் வியாபாரம் செய்கிற வெங்கிடாசலம் எழுதுவது.

எனக்கு இங்கிலீஷில் கடுதாசி எழுதித் தர ஆள் இருக்கிறது. மலையாளம் எனக்கே வரும். ஆனால் இவ்வளவு கோபத்தைத் தமிழில்தான் எழுத முடிகிறது. படிக்கத் தெரிந்தவரை அழைத்துப் படிக்கச் சொல்லவும்.

போன சனிக்கிழமை மதுரைக்குப் போக உங்கள் விமானத்தில் டிக்கெட் எடுத்திருந்தேன். என் ஒரே மகள் ஜெயலக்ஷ்மிக்கு அங்கே வளைகாப்பு. பஜார் ரோட்டிலிருந்து விமானத்தில் மதுரைக்குப் போகும் முதல் ஆள் நான் என்பதால் பதினோரு பேர் படகேறி ஐலண்டு விமான நிலையத்துக்கு என்னை வழியனுப்ப வந்தார்கள். கழுத்தில் ரோஜா மாலை. பெட்டி கிடையாது. சாமான்களையெல்லாம் என் சம்சாரம் மாயம்மாள் முன்னாலேயே ரயிலில் கொண்டுபோய்விட்டாள். கையில் இருந்த குடையையும் மைத்துனனிடம் கொடுத்துவிட்டேன்.

இப்படி வெறும் ஆளாக வந்தவனை ஒரு சாக்குத் தராசின் மேல் ஏறச் சொன்னீர்கள். ஏறினேன். கவுண்டரில் இருந்த பெண் தராசுத் தண்டில் இருந்த எண்ணைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தாள். நீங்கள், "கேட்கவில்லை, உரக்கச் சொல்" என்றீர்கள். மறுபடி முணுமுணுத்தாள். மறுபடி உரக்கச் சொல்லச் சொன்னீர்கள். மூன்றாம் தடவை, "நூற்றெட்டு கிலோ" என்று அவள் கத்தியது வெளியே விமானத்தில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தவனுக்கும் கேட்டது. அவன் திரும்பிப் பார்த்தான். தொண்ணூற்றைந்துக்கு மேலே பதின்மூன்று கிலோ, கிலோவுக்கு ஏழு ரூபாய் கட்டு என்றீர்கள்.

நான் கட்டவில்லை. மாலையோடு வந்தவன் மாலையோடு படகேறித் திரும்பினேன். வளைகாப்புக்குப் போகவில்லை. எனக்குக் காய்ச்சல் என்று சம்பந்தி வீட்டில் மாயம்மாள் சொல்லியிருக்கிறாள்.

என் டிக்கெட் பணம் எனக்கு வேண்டாம். அந்த விதியை எடுக்க வேண்டும். அந்தப் பெண்ணை வேலையை விட்டு அனுப்ப வேண்டும். இரண்டும் நடக்கும் வரை ஐலண்டில் கால் வைக்கமாட்டேன்.

வெங்கிடாசலம்


வில்லிங்டன் ஐலண்ட், கொச்சி
15-10-1983

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்களுக்கு நேர்ந்த மனவருத்தத்துக்கு அலுவலகத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்கிறோம்.

எங்கள் விமானத்தில் ஒன்பது இருக்கைகள்தான். ஒவ்வொருவரும் எத்தனை எடை, யாரை எங்கே உட்கார வைப்பது என்று பைலட் கணக்குப் பார்த்த பிறகே கிளம்ப முடியும். அதனால் ஆளை எடை போடுவது எப்போதும் உள்ளதுதான். எடைக்குப் பணம் வாங்குவது மட்டும் ஆகஸ்டிலிருந்து வந்த புதிய விதி. பயணியும் பெட்டியும் சேர்த்துத் தொண்ணூற்றைந்து கிலோ வரை கூடுதல் கட்டணம் இல்லை.

கவுண்டர் பெண்ணைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவள் வேலை தற்காலிகமானது. ஜனவரி முதல் தேதி நிரந்தரம் ஆக்குவதா, அனுப்பிவிடுவதா என்பதைச் சென்னைத் தலைமை அலுவலகம் முடிவு செய்யும். தங்கள் கடிதம் அவள் ஃபைலில் வைக்கப்பட்டுவிட்டது. யாருக்கும் கேட்கக் கூடாது என்றுதான் அவள் மெதுவாகச் சொன்னாள் என்று நம்புகிறோம்.

மேனேஜருக்காக,
எஸ்.எஸ்.


மட்டாஞ்சேரி
19-10-1983

எஸ்.எஸ். சார் அவர்களுக்கு,

அந்த ஆபீசில் தமிழ் தெரிந்த ஆள் இருப்பது சந்தோஷம். உங்களிடம் மனசு விட்டுப் பேசலாம் போலிருக்கிறது.

நான் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள். எர்ணாகுளம் பஸ்ஸில் என்னிடம் ஒன்றரை டிக்கெட் வாங்குகிறார்களா? பார்பர், தலை நிறைய முடி உள்ளவனிடம் ஒரு காசும் வழுக்கையிடம் ஒரு காசுமா வாங்குகிறான்? ஓட்டலில் என் மைத்துனன் அரைச் சாப்பாட்டை இலையில் வைத்து மூடுகிறான், நான் மூன்று தடவை சோறு வாங்குகிறேன், பில் ஒன்றுதான். உடம்பு நான் கடையில் வாங்கினதா? என் அப்பா இப்படி, என் அத்தைகள் மூன்று பேரும் இப்படி.

எடை போடுவதில் எனக்கு வெட்கம் என்று நினைக்காதீர்கள். போன சித்திரையில் குருவாயூரில் வெல்லத்துக்குத் துலாபாரம் நின்றேன். இந்தத் தட்டில் நான், அந்தத் தட்டில் நூற்று நான்கு கிலோ வெல்லம். பார்த்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஐம்பத்திரண்டு கிலோவில் இறங்கிவிட்ட என் மைத்துனன்தான் வெட்கப்பட்டான். குருவாயூரப்பனும் எடைக்குத்தான் வாங்குகிறார். ஆனால் என்னை நிறுத்திக் கேலி செய்வதில்லை.

இப்போது பஜாரில் என் பெயர் நூற்றெட்டு. "நூற்றெட்டு வந்தாச்சா?" என்று சாயாக்கடையில் கேட்கிறார்கள். நேற்று மிளகு வாங்க வந்த ஆள் என் முகத்தைப் பார்த்தே அப்படிக் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

இன்னொன்று. உங்கள் மேனேஜர் என்னைவிட ஒரு சுற்றுப் பெருத்தவர். அவரைத் தராசில் ஏற்றினீர்களா?

அந்தப் பெண் விஷயத்தில் என் மனசு மாறாது. கவுண்டரில் நிற்கிறவள் எதையோ திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி நின்றாள். அப்படிப்பட்டவளுக்கு எதற்கு அந்த வேலை? வருகிற இருபத்தைந்தாம் தேதிக்குள் நல்ல பதில் இல்லாவிட்டால் சென்னைக்கு எழுதுவேன்.

வெங்கிடாசலம்


வில்லிங்டன் ஐலண்ட்
24-10-1983

மதிப்பிற்குரிய ஐயா,

இந்தக் கடிதம் மேனேஜருக்காக எழுதுவதல்ல.

கவுண்டரில் நின்ற பெண் நான்தான். எஸ்.எஸ். என்றால் எஸ். சுல்ஃபத். இங்கே வேறு யாருக்கும் தமிழ் வாசிக்க வராது. மேனேஜர் குரியாக்கோஸ் சார் உங்கள் கடிதத்தைக் கொடுத்து, மலையாளத்தில் சொல்லு என்றார். என்னை அனுப்ப வேண்டும் என்ற வரியையும் சொன்னேன். அதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அவர், "சென்னை முடிவு செய்யும் என்று எழுது" என்றார். எழுதினேன். என் ஃபைலில் என் கையாலேயே வைத்தேன்.

உங்களைக் கேலிக்கு ஆளாக்க நினைக்கவில்லை. எனக்குச் சின்ன வயதிலிருந்தே சத்தம் வராது. கல்லூரியில் வருகைப் பதிவில் பாதி நாள் நான் வரவில்லை என்று இருக்கும். வந்திருப்பேன்.

உங்கள் கேள்விகளை மூன்று நாள் யோசித்தேன். போன வாரம் ஒரு அம்மா வந்தார். நாற்பத்தொரு கிலோ. மதுரையில் தையல் கடை வைக்கப் போகிறார், கூடவே இருபத்திரண்டு கிலோவில் தையல் மிஷின். பழைய விதிப்படி பெட்டிக்கு இருபது கிலோதான். மிஷினுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும். புதிய விதிப்படி ஒன்றும் கட்டாமல் சிரித்துக்கொண்டு போனார். அவரிடம் கேட்டால் விதி நல்லது என்பார். பெட்டியைக் குறைக்கலாம், உடம்பைக் குறைத்து வீட்டில் வைத்துவிட்டு வர முடியாது என்று நீங்கள் சொல்வீர்கள். இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சரியாகப் படுகிறது. அதனால்தான் எனக்கு உரக்கப் பேச வருவதில்லை போலும்.

மேனேஜரை எடை போட்டதில்லை. அவர் தராசுக்கு அந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டுதான் போவார்.

சென்னைக்கு எழுதுவது உங்கள் விருப்பம். எங்கள் குடும்பத்தில் பி.ஏ. முடித்தது நான் ஒருத்திதான். இந்த வேலை போனால் அத்தா வேறு வேலை தேடவிடமாட்டார், நிக்காஹ் பேச ஆரம்பித்துவிடுவார். அத்தாவை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். பஜாரில் பல கிடங்குகளில் தராசு பிடித்தவர். பெயர் சைபுதீன்.

எஸ். சுல்ஃபத்


மட்டாஞ்சேரி
27-10-1983

சுல்ஃபத் மோளுக்கு,

நம்ம சைபுதீன் மகளா நீ? பதினெட்டு வருஷம் என் கிடங்கில் தராசு பிடித்தவன் அவன். நீ பிறந்ததற்கு எனக்குத்தான் முதலில் சர்க்கரை கொண்டுவந்து கொடுத்தான். இதைக் கவுண்டரிலேயே சொல்லியிருக்கலாமே. சொல்லியிருப்பாய், எனக்குக் கேட்டிருக்காது.

ஒரு தப்பு நடந்துபோச்சு. இருபத்தைந்தாம் தேதி என்று சொல்லிவிட்டு இருபத்திமூன்றாம் தேதியே சென்னைக்கு ரிஜிஸ்தர் தபாலில் எழுதிவிட்டேன். கோபம் நாள் பார்க்கவில்லை.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன், கேட்டோ. நான் நூற்றெட்டு இல்லை. நூற்று நான்கு. குருவாயூர் வெல்லம் பொய் சொல்லாது. இடுப்பு பெல்ட்டில் அன்று போட்ட அதே ஓட்டைதான் இன்றும். எனக்கு அந்தத் தராசின் மேல்தான் சந்தேகம். பச்சைப் பெயின்ட், பித்தளைப் பட்டையில் ஒரு மூலை உடைந்திருக்கும், முன்சக்கரம் ஒன்று மாற்றிப் போட்டது. ஏறும்போதே பார்த்த மாதிரி இருந்தது. அதை உங்கள் கம்பெனி எங்கே வாங்கியது? விசாரித்து எழுது.

வெங்கிடாசலம்


வில்லிங்டன் ஐலண்ட்
1-11-1983

மதிப்பிற்குரிய முதலாளி அவர்களுக்கு,

அத்தா உங்களை முதலாளி என்றுதான் சொல்வார். நானும் அப்படியே எழுதுகிறேன்.

தராசு எர்ணாகுளம் பிராட்வேயில் பழைய சாமான் கடையில் வாங்கியது. அடையாளம் எல்லாம் நீங்கள் எழுதியபடியே இருக்கிறது. ராத்திரி சாப்பாட்டின்போது அத்தாவிடம் சொன்னேன். அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது. பிறகு சிரிக்க ஆரம்பித்தார். புரையேறி, உம்மா முதுகில் தட்டும்வரை சிரித்தார். "முதலாளியை முதலாளியின் தராசே நிறுத்திவிட்டது" என்றார்.

அது உங்கள் கிடங்கில் இரண்டாவது கதவை ஒட்டி நின்ற தராசு என்கிறார். வாங்குவதற்கு ஒன்று, விற்பதற்கு ஒன்று என்று இரண்டு இருந்ததாம். இது விற்பதற்கானது. நூறு கிலோவை நூற்று நான்கு என்று காட்டுமாம்.

இதைக் குரியாக்கோஸ் சாரிடம் சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். பதில் சொன்னால் இரண்டு பெயர்கள் வெளியே வரும். இரண்டும் எனக்குத் தெரிந்த பெயர்கள்.

சென்னையிலிருந்து நேற்று கடிதம் வந்தது. டிசம்பர் பதினைந்துக்குள் நீங்கள் புகாரைத் திரும்பப் பெறாவிட்டால் என்னை நிரந்தரம் ஆக்கமாட்டார்கள். தகவலுக்காக எழுதினேன். கெஞ்சுவதற்காக அல்ல.

எஸ். சுல்ஃபத்


மட்டாஞ்சேரி
4-11-1983

மோளே,

படித்ததும் இதைக் கிழித்துப் போடு.

அந்தத் தராசைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. தெரிந்தவரைக்கும் அது என் அப்பா காலத்து ஏற்பாடு. அவர் போன பிறகு மாற்ற வேண்டும் என்று தினமும் நினைப்பேன். தினமும் ஏதாவது வேலை வந்துவிடும். நாலு வருஷத்துக்கு முன்னால் புதுத் தராசு வாங்கினபோது அதைப் பழைய இரும்புக்குப் போட்டேன். உடைத்து உருக்குவான் என்று நினைத்தேன். அவன் பெயின்ட் அடித்து விற்றிருக்கிறான்.

என் நிலைமையை யோசித்துப் பார். புகாரைத் திரும்ப வாங்கினால் நூற்றெட்டு என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். தராசு தப்பு என்று சொன்னால், அது உமக்கு எப்படித் தெரியும் ஓய் என்று இத்தனை வருஷமாக என்னிடம் மிளகு வாங்கினவனெல்லாம் வரிசையில் நிற்பான். பேசாமல் நிஜமாகவே நாலு கிலோ இளைத்துவிடலாம் என்று கஞ்சி குடித்துப் பார்த்தேன். நாலு நாளில் அரைக் கிலோகூட இறங்கவில்லை. மாயம்மாள் மதுரையிலிருந்து திரும்பி வந்தவள், கிழவனுக்குப் பைத்தியம் என்கிறாள்.

டாக்டர் பயணம் கூடாது என்று சொன்னதால் ஜெயலக்ஷ்மிக்குப் பிரசவமும் மதுரையிலேதான், டிசம்பர் நடுவில். வளைகாப்புக்குத்தான் வரவில்லை, இதற்காவது விமானத்தில் வந்து இறங்குப்பா, எல்லாரிடமும் சொல்லிவிட்டேன் என்று எழுதியிருக்கிறாள்.

சைபுதீன் இதற்கு வழி ஏதாவது சொல்கிறானா?

வெ.


வில்லிங்டன் ஐலண்ட்
9-11-1983

முதலாளி அவர்களுக்கு,

கிழித்துவிட்டேன்.

அத்தா வழி சொன்னார். தண்டில் நகரும் இரும்புக் குண்டின் அடிப்பக்கம் குடைந்து, அதற்குள்ளிருந்த ஈயத்தை எடுத்துவிட்டு மெழுகு வைத்து அடைத்தது அவர்தானாம். குண்டு லேசானதால் தராசு கூட்டிக் காட்டுகிறது. ஈயத்தைத் திரும்ப வைத்தால் சரியாகிவிடும். அப்போது அந்த ஈயத்தை உங்கள் அப்பா காயலில் எறியச் சொன்னாராம். அத்தா எறியவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

அது எங்கே இருக்கிறது என்று அத்தா சொன்னதும் சோற்றை விட்டு எழுந்து போய்ப் பார்த்தேன். என் மேஜை மேல் இருக்கிறது. எலுமிச்சங்காயைவிடச் சின்னது. நான் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது, காற்றில் தாள் பறக்காமலிருக்க என்று அத்தா கொடுத்தார். பி.ஏ. முடியும்வரை என் நோட்டுகள் மேல் அதுதான் இருந்தது. இவ்வளவு சின்னதாக இருந்துகொண்டு எவ்வளவு கனம் என்று பல தடவை கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன்.

நான் மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போவேன். அத்தா தூக்குப் பாத்திரத்தோடு வருவார். விமானம் இல்லாத நேரத்தில் கால் மணி நேரம் போதும் என்கிறார்.

ஆனால் முதலாளி, ஒரு விஷயம். வாங்குகிற தராசு இன்னும் உங்கள் கிடங்கிலேயே இருக்கிறது என்றார் அத்தா. அதன் குண்டில் ஈயம் கூடுதலாக இருக்கிறதாம். மலையிலிருந்து மிளகு கொண்டுவருகிறவர்களுக்கு அது குறைத்துக் காட்டுகிறது. முதலில் அத்தா உங்கள் கிடங்குக்கு வந்து அந்த ஈயத்தை எடுக்கட்டும். பிறகு இங்கே வருவார். உங்களுக்கு நாலு கிலோ கூடுதலாக வந்தால் பாவம், அவர்களுக்குக் குறைந்தால் பரவாயில்லை என்று என்னால் இருக்க முடியவில்லை.

இதற்குச் சம்மதம் இல்லையென்றால் வேலை போகட்டும். இந்தக் கடிதத்தை ஐந்து தடவை எழுதிக் கிழித்தேன். இது ஆறாவது.

சுல்ஃபத்


மட்டாஞ்சேரி
12-11-1983

சுல்ஃபத்துக்கு,

உன் வாயில்தான் சத்தமில்லை. பேனாவில் நிறைய இருக்கிறது. என் கிடங்கு, என் தராசு. என்னிடம் சம்பளம் வாங்கினவன் மகள் எனக்கு நிபந்தனை எழுதுகிறாள். முடியாது.

வெங்கிடாசலம்


மட்டாஞ்சேரி
24-11-1983

மோளே,

பத்து நாளாக நீ பதில் போடவில்லை. போடமாட்டாய் என்று எனக்கே தெரியும்.

நேற்று சைபுதீன் வந்தான். நான்தான் ஆள் அனுப்பினேன். ஒரு ஆணியும் சுத்தியலும் மட்டும் கொண்டுவந்தான். வேலை நடக்கும்போது நான் வெளியே நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் சாயா வரவழைத்துக் குடித்தோம். ஈயத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போனான்.

இன்று காலையில் இடுக்கியிலிருந்து ஒரு ஆள் மூன்று சாக்கு மிளகு கொண்டுவந்தான். பத்து வருஷமாக வருகிறவன். எடை போட்டதும் தண்டை உற்றுப் பார்த்தான். வீட்டில் நிறுத்திவிட்டுத்தான் வந்தானாம். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ரகசியமாக, "முதலாளி, உங்க தராசு கெட்டுப்போச்சு. இன்னைக்கு வீட்டு எடையே காட்டுது" என்றான். எனக்கு நஷ்டம் வந்துவிடக் கூடாதே என்று அவனுக்குக் கவலை.

ரிப்பேர் பார்க்கச் சொல்கிறேன் என்று சொல்லிப் பணத்தைக் கொடுத்து அனுப்பினேன். அதற்கப்புறம் மத்தியானம் வரை கல்லாவில் உட்கார முடியவில்லை.

டிசம்பர் ஐந்தாம் தேதிக்கு ஒரு டிக்கெட் போடு. தூக்குப் பாத்திரம் அதற்கு முன்னாலேயே வந்துவிட வேண்டும்.

வெங்கிடாசலம்


வில்லிங்டன் ஐலண்ட்
8-12-1983

முதலாளி அவர்களுக்கு, மதுரை விலாசத்துக்கு.

நலமாகப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று நம்புகிறேன். அன்று கவுண்டரில் உங்களிடம் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

சனிக்கிழமை அத்தா சாப்பாடு கொண்டுவந்தார். குரியாக்கோஸ் சார் அவரை உட்காரச் சொல்லி, மட்டாஞ்சேரியில் நல்ல ஏலக்காய் எங்கே கிடைக்கும் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். அந்த நேரத்தில் டெலிபோன் வந்தது. சார் உள்ளே போனார், அத்தா தூக்குப் பாத்திரத்திலிருந்து ஈயத்தை எடுத்துக்கொண்டு தராசிடம் போனார். கால் மணி கழித்துச் சார் திரும்பி வந்தபோது அத்தா, தராசு நன்றாக இருக்கிறதா என்று பார்க்கிற வழக்கம் விடவில்லை என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். அவர் சொன்னதில் பொய் இல்லை.

திங்கட்கிழமை நீங்கள் இருபது பேரோடு வருவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. மாலை வேண்டாம் என்று கழற்றி மைத்துனரிடம் கொடுத்தீர்கள். நீங்கள் தராசில் ஏறியதும் எல்லாரும் கவுண்டரை நெருங்கி வந்துவிட்டார்கள். நான் தண்டைப் பார்த்தேன். குண்டு நின்ற இடத்தைப் பார்த்தேன். சார், உரக்கச் சொல்லு என்று சொல்வதற்கு முன்னாலேயே, "நூற்று நான்கு" என்று சொல்லிவிட்டேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த குழந்தை அழுதது. என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

உங்கள் ஆட்கள் கை தட்டினார்கள். "முதலாளி இளைச்சுப்போனாரே" என்றார்கள். நீங்கள் மறுக்கவில்லை. ஒன்பது கிலோவுக்குப் பேசாமல் பணம் கட்டினீர்கள். அதைப் பார்த்துவிட்டுச் சார், இந்த மனுஷனா அந்தக் கடிதம் எழுதினார் என்று கேட்டார்.

உங்களுக்குப் பின்னால் வந்த எட்டுப் பேரும் அடிக்கடி பறக்கிறவர்கள். எல்லாருக்கும் எடை குறைந்தது. எல்லாரும் சந்தோஷமாகப் போனார்கள். சாயங்காலம் ஆபீஸ் காலியான பிறகு, சார் யாருக்கும் தெரியாமல் தராசில் ஏறி இறங்குவதைக் கண்ணாடியில் பார்த்தேன். என்ன வந்ததோ, மறுநாள் பரோட்டாவை விட்டுவிட்டு இரண்டு இட்லி கொண்டுவரச் சொன்னார்.

சுல்ஃபத்


மதுரை
13-12-1983

மோளே,

பேத்தி பிறந்திருக்கிறாள். நேற்று காலை ஏழே காலுக்கு. அம்மாவும் குழந்தையும் சுகம்.

பிறந்த குழந்தையைத் துடைத்த கையோடு நர்ஸ் தராசில்தான் போட்டாள். மூன்றே கால் கிலோ. நான் அந்தத் தராசைச் சுற்றி வந்து பார்த்தேன், குனிந்து அடியில் பார்த்தேன், இன்னொரு தடவை நிறுத்தச் சொன்னேன். நர்ஸ் கோபப்பட்டாள். மாயம்மாள் என்னை வெளியே அனுப்பிவிட்டாள்.

ஜெயலக்ஷ்மி என்னைப் பார்த்ததும், அப்பா இளைத்துவிட்டீர்கள் என்றாள். நாலு கிலோ என்றேன். இவளிடமாவது நிஜத்தைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

இத்துடன் புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று சென்னைக்கு எழுதிய கடிதத்தின் நகல் இருக்கிறது. இதையும் உன் ஃபைலில் உன் கையாலேயே வை. அந்தப் பெண் தெளிவாகவும் உரக்கவும் பேசுகிறாள் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். அதில் பொய் இல்லை.

வெங்கிடாசலம்


வில்லிங்டன் ஐலண்ட்
2-1-1984

முதலாளி அவர்களுக்கு,

எனக்கு வேலை நிரந்தரம் ஆகிவிட்டது. அத்தா கடிதத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு அதைக் கையில் வைத்து எடை பார்த்தார்.

ஆனால் கூடவே ஒன்று நடந்துவிட்டது. குரியாக்கோஸ் சார் டிசம்பர் மாதக் கணக்கை எடுத்தபோது, வழக்கமாக வரும் பயணிகள் எல்லாரும் நூற்றுக்கு நாலு வீதம் இளைத்திருந்தார்கள். எடைக்குப் பணம் வாங்குவதால்தான் மக்கள் உடம்பைக் குறைக்கிறார்கள் என்று அவர் சென்னைக்கு எழுதிவிட்டார். அவர்களுக்கு ஒரே சந்தோஷம். பிப்ரவரியிலிருந்து எல்லா ஊர் விமானத்துக்கும் இதே விதி வரப்போகிறது. சாருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. நிஜத்தைச் சொல்லிவிடலாம் என்று அவர் மேஜை முன்னால் போய் நின்றேன். வாயைத் திறந்தேன். பழைய குரல்தான் வந்தது. அவர் நன்றி என்று சொல்லிவிட்டார், நான் வாழ்த்துச் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டு.

விளம்பரத்துக்கு உங்கள் போட்டோ வேண்டுமாம். முன்னால் நூற்றெட்டு, இப்போது நூற்று நான்கு என்று போடப்போகிறார்கள். உங்களிடம் கேட்டு எழுதும்படி எனக்கு உத்தரவு. கேட்டுவிட்டேன்.

ஈயம் தராசுக்குப் போய்விட்டதால் வீட்டில் என் தாள்கள் எல்லாம் பறக்கின்றன. இதையும் இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

சுல்ஃபத்


மதுரை
7-1-1984

மோளே,

போட்டோ தரமாட்டேன். நான் இளைக்கவில்லை என்பது உனக்கும் எனக்கும் சைபுதீனுக்கும் தெரியும். தவிர ஒரு மாதமாகச் சம்பந்தி வீட்டுச் சாப்பாடு. அவர்கள் விளம்பரம் அச்சடித்து முடிப்பதற்குள் நானே நூற்றெட்டு ஆகிவிடுவேன் போலிருக்கிறது.

உன் மேனேஜரிடம் நிஜத்தை நீ சொல்ல வேண்டாம். நான் ஊருக்கு வந்ததும் ஐலண்டுக்கு வந்து, என் கிடங்குத் தராசு என்று நானே சொல்கிறேன். பஜாரில் நாலு பேர் சிரிப்பார்கள். நூற்றெட்டு என்றபோது சிரித்தவர்கள்தானே. சைபுதீன் பெயர் வராது. குண்டைக் குடையச் சொன்னது என் அப்பாதானே.

விதியை எதிர்த்துப் புதிதாக ஒரு புகார் தனித் தபாலில் அனுப்பியிருக்கிறேன். எட்டுப் பக்கம். தராசு சரியாக இருந்தாலும் விதி தப்புதான். அதில் தையல் மிஷின் அம்மாவுக்கும் பதில் எழுதியிருக்கிறேன். பெட்டியை மட்டும் நிறுத்துப் பணம் வாங்கட்டும், ஆளை விட்டுவிடட்டும். உன் வேலைக்கு இனி ஆபத்து இல்லை, அதனால் விட்டுக் கொடுக்காமல் பதில் எழுது.

இத்துடன் ஒரு சின்னப் பார்சல். வாங்குகிற தராசிலிருந்து சைபுதீன் எடுத்த ஈயம். மதுரைக்கு வரும்போது சட்டைப் பையிலேயே கிடந்தது, எங்கே வைப்பது என்று தெரியவில்லை. உன் தாள்களின் மேல் வைத்துக்கொள்.

தபால் ஆபீசில் இதை எடை போட்டு, கனத்துக்கு ஏற்றபடி கூடுதல் ஸ்டாம்ப் கேட்டார்கள். பேசாமல் கொடுத்துவிட்டேன்.

வெங்கிடாசலம்